குன்று எந்தக் கைப்பக்கம்

நான் பனியைத் தொட்டது ஃபிரிட்ஜுக்குள் மட்டும்தான். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள், ஏனென்றால் என் பிழைப்பே பனியைப் பார்ப்பது. திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் வரிசையாக எழும்பிய புது வீடுகளில் ஒன்றின் மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, கிரீன்லாந்தின் பனி மேல் எங்கெங்கே பாசி படர்ந்திருக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களில் தேடுகிறேன். அங்கே பனி உருகும் மாதங்களில் இங்கேயும் வெயிலுக்குக் குறைச்சல் இல்லை. மொட்டைமாடி வெயிலை முழுசாக வாங்கி அறைக்குள் இறக்கும். கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பேன்.

பனியில் பாசி வளருமா என்று கேட்காதவர்கள் கிடையாது. வளரும். ஏரியில் மிதக்கிற பச்சைப் பாசி அல்ல இது. கத்தரிக்காய்த் தோலின் நிறத்தில், கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவு சின்னது. கோடையில் பனியின் மேல் தண்ணீர் கசிய ஆரம்பித்ததும் பெருகும். கறுத்த நிறம் என்பதால் வெயிலை இழுத்துக்கொள்ளும். வெயிலை இழுத்தால் அடியிலிருக்கும் பனி இன்னும் வேகமாக உருகும், உருகினால் தண்ணீர், தண்ணீர் வந்தால் இன்னும் பாசி. எங்கே எவ்வளவு பாசி என்று தெரிந்தால்தான் அந்தக் கோடையில் எவ்வளவு பனி போகும் என்று ஓரளவுக்காவது சொல்ல முடியும். அத்தனை பெரிய நிலத்தை நடந்து பார்க்க ஆள் கிடையாது. வானத்திலிருந்துதான் பார்த்தாக வேண்டும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. காற்று கொண்டுவந்து கொட்டிய புழுதியும் அந்தப் பனி மேல் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் அழுக்குதான். எங்கள் குழுவில் மற்றவர்கள் அழுக்கை மொத்தமாக அளந்து எல்லாவற்றையும் பாசிக் கணக்கில் சேர்த்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் எங்கள் மாவட்டத்தில் பயிர்ப் பரப்பு பார்க்கும் வேலையில் இருந்தவள். கீழ்பென்னாத்தூரில் என் அப்பாவின் நிலத்தில் நிற்பது மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடியா, சும்மா கிடக்கும் மண்ணா என்று செயற்கைக்கோளுக்கு எப்படித் தெரிகிறது? செடிக்குள் இருக்கும் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கும். சிவப்பைத் தாண்டிய, நம் கண்ணுக்குப் பிடிபடாத ஒளியைத் திருப்பி அனுப்பும். மண் அப்படிச் செய்யாது. பனிப்பாசி வெளியில் என்ன நிறமாக இருந்தாலும் உள்ளே பச்சையம் உண்டு. அப்படியானால் மல்லாட்டைக்குப் பார்த்த கணக்கையே கொஞ்சம் மாற்றிப் பனிக்குப் பார்த்தால் என்ன? அதைத்தான் மூன்று வருடமாகச் செய்தேன். பாசி இங்கே, புழுதி அங்கே என்று பிரித்து வரைபடம் போட்டேன்.

குழுவின் தலைவி ஒரு குளிர் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். மரியாதையானவர், குரல் உயர்த்தாதவர், எந்த எண்ணையும் சும்மா நம்பாதவர். “உங்க வரைபடம் ரொம்ப அழகா இருக்கு. பாட்டிலோட ஒத்துப்போகுதான்னு பாத்துடலாம்” என்றார். பாட்டில் என்றால், ஆட்கள் நேரில் போய்ப் பனியைச் சுரண்டி நிரப்பிக் கொண்டுவரும் பாட்டில். அதைச் சோதனைச் சாலையில் பார்த்தால் உள்ளே இருப்பது பாசியா புழுதியா என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிடும். ஒத்துப்போனால் கடலோரப் பனி முழுவதையும் என் முறையில் பார்ப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் என் முறையைக் கைவிட்டுவிட்டுப் பழையபடி அழுக்கை அளப்பார்கள். எனக்கு அந்தக் குழுவில் வேறு வேலையும் கிடையாது.

அந்தக் கோடையில் இரண்டு பேர் போனார்கள். பனிக்கு நடுவே ஒரு பாறைக் குன்று தலையை நீட்டிக்கொண்டிருக்கும் இடம். குன்றுக்குக் கிழக்கே கூடாரம் போட்டு, குன்றைச் சுற்றி நடந்து, பன்னிரண்டு இடத்தில் பனியைச் சுரண்டி எடுத்தார்கள். முதல் இடத்தைக் குறித்ததோடு இடம் காட்டும் கருவி குளிரில் செத்துப்போனது. அதற்காக அவர்கள் திரும்பிவிடவில்லை. காலடிகளை எண்ணி, சம தூரத்துக்கு ஓரிடம் என்று நின்று, குன்றை ஒரு சுற்று சுற்றி மறுபடி கூடாரத்துக்கே வந்து சேர்ந்தார்கள். நோட்டில் எழுதியிருந்தது அவ்வளவுதான்: முதல் இடம் இது, பிறகு குன்றைச் சுற்றி வந்தோம், சம தூரத்தில் பதினோரு இடங்கள்.

அந்தப் பன்னிரண்டு இடங்களையும் படத்தில் குறிப்பது என் பொறுப்பு. கிழக்கே முதல் இடம், அப்புறம் தென்கிழக்கு, தெற்கு என்று குன்றைச் சுற்றி வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. பாட்டில் முடிவுகளைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.

தலையில் இடி விழுந்தது. குன்றுக்குத் தெற்கே பாசி மண்டிக் கிடக்கிறது என்று என் படம் சொன்னது. பாட்டிலில் இருந்தது புழுதி. வடக்கே வெறும் புழுதி என்று என் படம் சொன்னது. பாட்டில் முழுக்கப் பாசி. முதல் இடமும் ஏழாவது இடமும் மட்டும் கச்சிதமாக ஒத்துப்போயின. மற்ற பத்தும் அப்படியே தலைகீழ். கொஞ்சம் கூடக் குறைய இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இது யாரோ வேண்டுமென்றே பழி வாங்கின மாதிரி இருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது. நடந்துபோன இருவரும் பாட்டில்களை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள், அவர்களிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள் என்று தலைவிக்கு மூன்று வரியில் கடிதம் போட்டேன். அடுத்த நாள் பதில் வந்தது. பாட்டில்களை இரண்டு முறை சரிபார்த்துவிட்டார்களாம், பிழை இல்லையாம். மாதக் கடைசியில் கூட்டம், அதில் எந்த முறையை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிடலாம், உங்கள் உழைப்புக்கு நன்றி. திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்த நன்றி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

மூன்று வாரம் மண்டை காய்ந்தது. நிழலைச் சோதித்தேன். மேகத்தைச் சோதித்தேன். தேதி தவறிவிட்டதா என்று பார்த்தேன். கணக்கில் கூட்டல் கழித்தல் இடம் மாறிவிட்டதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எங்கேயும் ஓட்டை இல்லை. ஓட்டை கிடைத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டு வந்து என் முகத்தைப் பார்த்ததும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். அவருடைய அம்மா, என் அத்தை, அப்படி இல்லை.

“என்னம்மா, அந்த ஐஸு இன்னும் மசியலியா?” என்பார்.

“இல்ல அத்தை.”

“எதுக்கு இப்டி மூஞ்சிய தூக்கி வெச்சினு இருக்க? ஞாயித்துக்கெழம காலையில எங்கூட மலை சுத்த வா. ரூமுக்குள்ளயே கெடந்தா எல்லாம் ஜாஸ்தியாதான் தெரியும்.”

கூட்டத்துக்கு நான்கு நாள் இருந்தது. போகாவிட்டாலும் ஒன்றும் கிழிக்கப்போவதில்லை என்று தெரிந்ததால் போனேன்.

பௌர்ணமி இல்லாத ஞாயிறு, விடியற்காலை. கிரிவலப் பாதையில் கூட்டம் கம்மி. கோபுரத்தடியிலிருந்து கிளம்பி, செங்கம் ரோட்டில் நடந்து, வலப்பக்கம் திரும்பி மலைக்கு மேற்கே போய்ச் சேரும்போது நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. அத்தை வழியெல்லாம் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ‘உம்’ கொட்டிக்கொண்டே வந்தேன், மனசு முழுக்க அந்தப் பத்துப் பாட்டில்கள். பாதி தூரம் தாண்டியிருப்போம், எதிரே ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வயதானவர், வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி. பக்தியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எல்லாரும் போகும் திசைக்கு நேர் எதிராக நடந்து வந்தார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, இப்டி வரக்கூடாதுங்க. மலை சோத்துக்கைப் பக்கம் இருக்கணும். திரும்புங்க” என்று வழியை மறித்துத் தமிழிலேயே சொன்னார். அவர் என்னைப் பார்த்தார். நான் இங்கிலீஷில் சொன்னேன். அத்தை சொன்ன பதத்தில் சொல்லியிருக்கலாம். என் மூன்று வாரக் கடுப்பும் சேர்ந்துகொண்டதால், இத்தனை பேர் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்துக்கூடவா தெரியவில்லை என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நேற்றுத்தான் வந்தாராம். அடி அண்ணாமலைப் பக்கம் அறை எடுத்திருக்கிறாராம். காலையில் கேட்டைத் திறந்தேன், கால் போன பக்கம் நடந்தேன், இந்தப் பக்கம்தான் போகணும்னு யாரும் சொல்லலையே என்றார்.

“இதைக்கூட யாராவது சொல்லணுமா?” என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். கிரீன்லாந்துக் குன்றை அந்த இரண்டு பேரும் எந்தப் பக்கமாகச் சுற்றினார்கள்? நோட்டில் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. மலை என்று ஒன்று இருந்து, அதைச் சுற்றினார்கள் என்றும் எழுதியிருந்தால், திருவண்ணாமலைக்காரி ஒருத்திக்கு அதில் சந்தேகம் வர என்ன இருக்கிறது? கிழக்கே ஆரம்பித்துத் தெற்கே, மேற்கே, வடக்கே என்று, குன்றை வலக்கைப் பக்கம் வைத்துப் பன்னிரண்டு புள்ளிகளையும் பயபக்தியோடு குத்தியிருக்கிறேன். அவர்கள் மாற்றிச் சுற்றியிருந்தால் நான் தெற்கே வைத்த பாட்டில் எல்லாம் வடக்கே எடுத்தது. வடக்கே வைத்தது எல்லாம் தெற்கே எடுத்தது. கிளம்பிய இடமும் அதற்கு நேர் எதிரே இருக்கும் ஏழாவது இடமும் மட்டும் எந்தப் பக்கம் சுற்றினாலும் மாறாது. அந்த இரண்டும் ஒத்துப்போனதை மூன்று வாரமாகத் தற்செயல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரியவரின் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் திரும்பி எங்களோடு நடக்க ஆரம்பித்தார். எனக்கு உடனே வீட்டுக்குப் போயாக வேண்டும்.

“அத்தை, நான் இப்டியே திரும்பிப் போறேன். ஐஸ் கெடச்சிடுச்சி.”

“பாதியில திரும்பறதா? இவரையே இப்பதான் திருப்பி உட்டோம். ஆட்டோவுல போனாலும் முன்னாலதான் போவணும்” என்றார் அத்தை. அதில் வாதாட முடியாது. அந்த வழியாக வந்த ஆட்டோவில் ஏறி, மலையை வலக்கைப் பக்கமே வைத்துக்கொண்டு, மீதி வட்டத்தையும் முடித்துத்தான் வீடு வந்தேன்.

காலைக்கூடக் கழுவாமல் மாடிக்கு ஓடினேன். வரிசையைத் திருப்பிப் போட்டேன். இரண்டாவது இடம் பன்னிரண்டாவதாயிற்று, மூன்றாவது பதினொன்றாயிற்று. பாட்டில் முடிவுகளை மறுபடி பக்கத்தில் வைத்தேன். பாசி இருந்த இடத்தில் எல்லாம் பாசி. புழுதி இருந்த இடத்தில் எல்லாம் புழுதி. பன்னிரண்டும். நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அழுதுகொண்டே எழுந்து அந்தச் சின்ன அறைக்குள் நாலு சுற்று சுற்றினேன். எந்தப் பக்கமாகச் சுற்றினேன் என்று ஞாபகமில்லை.

கொஞ்சம் ஆறினதும் வேறு பயம் வந்தது. முடிவு தெரிந்த பிறகு, அதற்கு வசதியாக வரிசையைத் திருப்பிக்கொண்டாள் என்று தலைவி நினைக்கலாமே. நானே அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். அவர்கள் உண்மையிலேயே எந்தப் பக்கம் சுற்றினார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும். நடந்தவர்களையே கேட்கலாம், ஆனால் பல மாதம் கழித்து, கேள்வியைக் கேட்கும் தோரணையிலேயே பதிலையும் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவர்கள் அனுப்பிய படங்களைத் திறந்தேன். பாட்டில், பாட்டில், கையுறை, மறுபடி பாட்டில். ஒன்றே ஒன்றில், மூன்றாவது இடத்திலிருந்து கிளம்பும்போது பின்னால் வந்தவர் எடுத்தது, முன்னால் போகிறவரின் முதுகு தெரிந்தது. அவருக்குப் பின்னால் பனியில் காலடித் தடம். இடக்கைப் பக்கம் கறுப்பாகக் குன்று. நாலு மாதமாக அந்தப் படம் என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அதில் பாட்டில் இல்லையே என்று நான் தள்ளிவிட்டிருந்தேன்.

அப்போதும் ஒன்று பாக்கி. நான் ஜெயிக்க வேண்டும் என்றால் தப்பு என்னுடையது என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். பாட்டிலை மாற்றி ஒட்டினார்கள் என்று நான் பழி போட்ட இருவரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். தப்பை ஒத்துக்கொள்வது எனக்கு வேப்பெண்ணெய் குடிப்பது மாதிரி. என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். ஆனால் அந்த நாலு நாளும் நான் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கசக்கவே இல்லை.

வியாழக்கிழமை மாலை கூட்டம். திரையில் எட்டு முகம். எனக்கு முன்னால் பேசியவர், அழுக்கை அளக்கும் பழைய முறையே போதும் என்று பொறுமையாக விளக்கி முடித்தார். என் முறை வந்தது.

“பாட்டில்ல தப்பில்ல. நடந்தவங்க மேலயும் தப்பில்ல. நான்தான் அவங்கள எதிர்ப்பக்கமா நடக்க வெச்சிட்டேன்” என்று ஆரம்பித்தேன். அந்த இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு காலடித் தடம் தெரியும் படத்தைப் போட்டேன். அதன் பிறகுதான் திருத்திய வரைபடத்தைப் போட்டேன்.

தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் பாட்டில் எண்ணைச் சத்தமாகப் படித்தார். பன்னிரண்டாவதைப் படித்து முடித்துவிட்டு, “ஒரு சந்தேகம். நோட்டில் இல்லாத ஒரு திசையை நீங்க ஏன் அவ்வளவு உறுதியா எடுத்துக்கிட்டீங்க?” என்றார்.

சொன்னேன். எங்கள் ஊரின் செயற்கைக்கோள் படத்தையும் திறந்து காட்டினேன். நடுவே மலை, அதைச் சுற்றி ஒரு மோதிரம் மாதிரி பாதை, கிழக்கே கோயிலின் சதுரங்கள். நூற்றுக்கணக்கான வருடமாக இந்த மலையை எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுகிறார்கள் என்றேன். நடந்துபோன இருவரில் மூத்தவர் முதல்முறையாகச் சிரித்தார். “நாங்க கூடாரத்த விட்டுக் கிளம்பறப்ப காத்து முதுகுல அடிச்சுது. அது தள்ளின பக்கம் நடந்தோம். அவ்வளவுதான் எங்க சாஸ்திரம்” என்றார். எட்டு முகமும் சிரித்தன, தலைவி உட்பட.

சிரிப்பு அடங்கினதும் தலைவி, கடலோரம் முழுவதும் இனி இந்த முறையில்தான் என்றார். அதே அடங்கிய குரலில், தேநீர் வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் மைக்கை அணைத்துவிட்டு ஒரு சத்தம் போட்டேன். கீழே அத்தை கரண்டியைப் போட்டுவிட்டு மாடிப்படி ஏறி வந்தார், நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து.

“மசிஞ்சிடுச்சா?” என்றார்.

“மசிஞ்சிடுச்சி அத்தை.”

“அதுக்கு எதுக்குமா இப்டி கத்தற” என்றார். ஆனால் அன்றைக்குப் பாயசம் வைத்தார்.

அடுத்த கோடையில் அந்த இருவரும் மறுபடி பனிக்குக் கிளம்பினார்கள். போன முறை அவர்கள் தாங்களாகவே இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த முறை கிளம்புவதற்கு முன்பே எனக்குக் கடிதம் வந்தது: எங்கே போகணும்னு நீங்க சொல்லுங்க. நான் இரண்டு இடம் சொன்னேன். ஒன்று, கன்னங்கறேலென்று பெரிதாகத் தெரிந்த ஒரு பரப்பு. பார்க்கிற யாரும் பாசி என்றுதான் சொல்வார்கள். நான் புழுதி என்று எழுதினேன். இன்னொன்று, அதிலிருந்து நாலு மணி நேர நடையில், வெளுப்பாகக் கிடந்த ஒரு மெல்லிய பட்டை. கண்ணுக்குச் சுத்தமான பனி. அங்கே பாசி பிறக்க ஆரம்பித்துவிட்டது என்று எழுதினேன். அனுப்பின பிறகுதான் யோசித்தேன். ஒரு தப்பென்றால் இரண்டு பேரை வெறும் பனியில் நாலு மணி நேரம் நடக்க வைத்தவள் ஆவேன்.

எட்டு நாள் கழித்து, மத்தியானம், துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. தலைவி மூலமாக வரவில்லை. போன வருடம் நான் பழி போட்ட அந்த மூத்தவரே, முகாமில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு நேராக எனக்கு அனுப்பியிருந்தார்.

“கறுப்பு இடத்தில் புழுதி. வெள்ளை இடத்தில் பாசி. இன்னும் இரண்டு பாட்டில் காலியாக இருக்கிறது. அடுத்து எங்கே போகட்டும்?”

ஈரக் கையோடு மாடியேறினேன், அடுத்த படத்தைத் திறந்தேன், இடத்தைச் சொன்னேன்.